கியர்பாக்ஸை இறக்கும் முன்

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஆயில் சொட்டினால் பல பட்டறைகளில் தீர்ப்பு உடனே வந்துவிடும்: "ரியர் மெயின் சீல் போயிருக்கு, கியர்பாக்ஸை இறக்கு." ஒரு முழு நாள் வேலை. கையோடு கிளட்ச் செட்டும் மாறிவிடும், பில்லும் ஏறும். எல்லாவற்றையும் மாட்டி அனுப்பினால் சில நாட்களில் வண்டி திரும்பி வரும், அதே இடத்தில் அதே சொட்டோடு. இந்த முறை கூலி பட்டறையின் பாக்கெட்டிலிருந்து போகும். அந்த வேலையைச் செய்தவர் பெயரும் முதலாளியின் மனதில் பதிந்துவிடும்.

எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆயில் எங்கிருந்து புறப்படுகிறது என்று ஆதாரத்தோடு சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் வரும் பட்டறையில் சேர்கிறவர் முதலில் பழக வேண்டியது இதுதான். சம்பள உயர்வு கேட்கப் போகும்போது காட்டுவதற்கும் இதைவிட நல்ல தகுதி கிடையாது.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்: மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமான இரண்டு சீட், திறந்த கூரை வண்டி. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்றது. 2016 ஏப்ரலில் மொத்த உற்பத்தி 10 லட்சத்தைத் தொட்டது. 1997 வரை வந்த முதல் தலைமுறை வண்டிகள் முப்பது வயதை ஒட்டியும் தாண்டியும் பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு மாஸ்டா என்ற பெயர் சுவராஜ் மாஸ்டா வேன், லாரிகளால்தான் பழக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வெளிநாடு போகிறவர் இந்தக் காரை முதன்முதலாகப் பார்ப்பது அநேகமாக அங்கேதான்.

நல்ல எஞ்சின். 1.6 லிட்டர், இரட்டை கேம்ஷாஃப்ட், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். முன்சக்கர ஓட்டம் கொண்ட குடும்பக் கார்களில் குறுக்கே படுத்திருந்த எஞ்சின் வகையை இதில் நெடுக்காகத் திருப்பி வைத்தார்கள். அதனால் ஹெட்டின் ஒரு முனை டாஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் தகட்டுச் சுவரை ஒட்டிப் போய்விட்டது. கண்ணுக்கும் கைக்கும் எட்டாத அந்த இடத்தில்தான் கேம் ஆங்கிள் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றி ஒரே ஒரு ரப்பர் ஓ-ரிங். எஞ்சின் சூட்டில் வருடக்கணக்காக வெந்து, அது பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். பிறகு ஆயில் ஹெட்டின் முதுகில் வழிந்து, பிளாக்கின் பின்பக்கமாக இறங்கி, பெல் ஹவுசிங் மேல் விழுந்து, அடியில் சொட்டும். கீழிருந்து பார்க்கிறவருக்கு அச்சு அசலாக ரியர் மெயின் சீல் லீக் போலவே தெரியும். ஓ-ரிங்கின் விலை ஒரு காபிக்கும் வராது.

என்ன திரவம், எந்தப் பாதை

முதலில், சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா? வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு ஏந்திப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு. ஒரு முறை முகர்ந்தால் மூக்கு மறக்காது. பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றுவது பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் இந்த வண்டியில் கியர்பாக்ஸுக்கு வெளியே மாட்டியிருக்கிறது. அதுவும் அடிக்கடி ஒழுகும். அது பிரேக் ஆயில், பிசுபிசுப்பு குறைவு, பெயின்டை அரிக்கும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். செய்யாமல் விட்டால் இல்லாத எஞ்சின் லீக்கை நாள் முழுக்கத் தேடுவீர்கள்.

அடுத்தது பாதை. ஓட்டு வீட்டில் ஒழுகும் இடம் வேறு, ஓடு உடைந்த இடம் வேறு, எஞ்சினிலும் அப்படியே. ஆயில் தானாகக் கீழே இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே மிக அதிகமாக நனைந்திருக்கும் இடத்தை விடுங்கள். ஈரம் எந்த இடத்தில் தொடங்குகிறது, அதாவது மிக உயரத்திலும் மிக முன்னாலும் நனைந்திருக்கும் புள்ளி எது என்று பாருங்கள்.

முப்பது வருட அழுக்கு மூடிய எஞ்சினில் அந்தப் புள்ளி தெரியாது. கழுவித்தான் ஆக வேண்டும். கழுவுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், டிப் ஸ்டிக்கில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். காயில் பேக், ஆல்டர்னேட்டர், காற்று உள்ளே போகும் வழி மூன்றையும் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டுங்கள். டிகிரீசர் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மெதுவான தண்ணீரில் அலசி, ஏர் அடித்துக் காய விடுங்கள். பிரஷர் வாஷரை நேராகப் பாய்ச்சுவது வேலையை முடித்துத் தரும், கூடவே மிஸ்ஃபயர் என்று ஒரு புது வேலையையும் கொடுக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் புதியவர்கள் அவசரப்படுவார்கள். கழுவினால் வேலை நடப்பது போலத் தோன்றாது. முதலாளி வேறு அந்தப் பக்கமாக நடந்துகொண்டிருப்பார். ஆனால் கழுவாத எஞ்சினில் சொல்லும் எந்தத் தீர்ப்பும் ஊகம்தான். அதற்கு வாடிக்கையாளரிடம் காசு வாங்க உங்களுக்கு உரிமை இல்லை.

சாயமும் பவுடரும்

சுத்தமான எஞ்சினில் ஆயிலோடு புற ஊதா சாயம் கலக்க வேண்டும். அளவு பாட்டிலிலேயே போட்டிருக்கும். இந்த எஞ்சின் மொத்தமே சுமார் மூன்றரை லிட்டர் ஆயில்தான் பிடிக்கும் என்பதால் கை தாராளமாகப் போகக் கூடாது. வண்டியை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐடிலிங்கில் விட்டுப் பார்த்தால் பாதி லீக் வெளியே வராது, சில சீல்கள் ஆர்.பி.எம். ஏறினால்தான் விடும். திரும்பி வந்ததும் பட்டறையின் மூலையில், வெளிச்சம் குறைந்த இடத்தில் நிறுத்தி, மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு யு.வி. டார்ச் அடித்தால் ஆயில் போன தடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். தடத்தை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு இடத்தில் அது நிற்கும். அங்கே படம் எடுங்கள்.

சாயம் இல்லாத பட்டறையில் காலுக்குப் போடும் பவுடர் ஸ்பிரே கைகொடுக்கும். காய்ந்த பரப்பில் வெள்ளையாகப் படிந்து, ஆயில் பட்ட இடம் மட்டும் கருத்துக் காட்டும். கசிவு மெதுவாக இருந்தால் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டை விரித்து, சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்துவிட்டுப் போங்கள். காலையில் சொட்டு விழுந்த இடம் தெரியும். பெரிய பட்டறைகளில் ஸ்மோக் மெஷின் இருக்கும். டிப் ஸ்டிக் குழாய் வழியாகப் புகையை விட்டு, மற்றத் துவாரங்களை அடைத்துவிட்டு, எங்கே புகை வருகிறது என்று பார்ப்பார்கள். அழுத்தம் 1 பி.எஸ்.ஐ.க்குக் கீழேயே இருக்கட்டும். கம்ப்ரசர் காற்றை நேராக உள்ளே விட்டால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

எம்எக்ஸ்-5-இல் சென்சார் ஓ-ரிங்கைச் சந்தேகித்தால் இன்னும் எளிய வழி இருக்கிறது. ஒரு கம்பியின் நுனியில் வெள்ளை டிஷ்யூவைச் சுற்றி, ஹெட்டின் பின்பக்கம் விட்டு, சென்சாரின் அடிப்பகுதியைத் தடவி எடுங்கள். நனைந்து வந்தால் பாதி வழக்கு முடிந்தது. மீதிப் பாதிக்கு, கிளட்ச் ஃபோர்க்கை மூடியிருக்கும் ரப்பர் பூட்டை விலக்கி, பெல் ஹவுசிங்குக்குள் சிறு கேமராவை விடுங்கள். உள்ளே காய்ந்திருந்து வெளியே மட்டும் ஈரமாக இருந்தால் கியர்பாக்ஸைத் தொட வேண்டாம்.

சீலைக் குற்றம் சொல்லும் முன் மூச்சுக் குழாய்

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி கொஞ்சம் வாயு எப்போதும் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அது வெளியேற வழி வேண்டும். இந்த வண்டியில் டேப்பட் கவரில் செருகியிருக்கும் பி.சி.வி. வால்வு அதை இன்டேக் மேனிஃபோல்டுக்கு அனுப்புகிறது. அந்த வால்வு பிசின் கட்டி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைப் பிதுக்கும். அந்த சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான சீல் விடும். "எத்தனை தடவை மாற்றினாலும் லீக் நிற்கவில்லை" என்று ஒரு வண்டி வந்தால் முதல் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும்.

சோதிப்பது சுலபம். வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே லொட லொட என்று சத்தம் வர வேண்டும். ஐடிலிங்கில் அதன் வாயில் விரலை வைத்தால் இழுக்க வேண்டும். குழாயும் ரப்பர் வளையமும் வெடித்திருக்கிறதா பாருங்கள். வால்வு நன்றாக இருந்தும் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று அடித்தால் ரிங்குகளே தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன், லீக் டவுன் சோதனை செய்து அந்தக் கெட்ட செய்தியை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த எஞ்சினில் புது சீல் போடுவது பண விரயம்.

மேலிருந்து கீழாக

வரிசை முக்கியம். மேலே இருப்பது, விலை குறைந்தது, கை எட்டுவது முதலில்.

டேப்பட் கவர் பேக்கிங் இறுகினால் இரண்டு அடையாளம். எக்ஸாஸ்ட் பக்கம் வழிந்தால் சூடான மேனிஃபோல்டில் பட்டு, சிக்னலில் நிற்கும்போது கருகல் வாடை வண்டிக்குள் வரும். இதை அலட்சியம் செய்ய வேண்டாம், தீ விபத்துக்கு இடம் இருக்கிறது. நடுவில் விட்டால் ஸ்பார்க் பிளக் குழிகளுக்குள் ஆயில் தேங்கி மிஸ்ஃபயர் வரும். பேக்கிங் மாற்றும்போது முன்னால் கேம் கேப் சேரும் மூலைகளிலும் பின்மூலைகளிலும் மட்டும் சிலிகான் ஒரு பொட்டு வைக்கச் சொல்கிறது பணிமனைக் கையேடு. முழுச் சுற்றும் பூசுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிதுங்கி உள்ளே விழும் சிலிகான் துண்டு ஆயில் பம்ப்பின் சல்லடைக்குத்தான் போய்ச் சேரும். போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர்கூட வேண்டாம். லீக் நிற்கவில்லை என்று இன்னும் இறுக்கினால் கவர் வளையும், அல்லது அலுமினியத்தில் மரை போகும்.

கேம் ஆங்கிள் சென்சாரைக் கழற்றுவதற்கு முன் அதன் உடலிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். அதைத் திருப்பித்தான் இக்னிஷன் டைமிங் வைக்கிறார்கள். பிடித்திருப்பது 12 மி.மீ. தலை உள்ள ஒரே போல்ட். காயில் பேக்கை எடுத்துவிட்டால் கை நுழையும். ஆனாலும் முழங்கை தோல் உரியத்தான் செய்யும். பழைய ஓ-ரிங்கை எடுத்துக் கையில் வளைத்துப் பாருங்கள், பெரும்பாலும் முறியும். விட்டான் ரப்பர் கிடைத்தால் அதைப் போடுங்கள், சூடு தாங்கும். மாட்டிய பிறகு டயக்னாஸ்டிக் பெட்டியில் டி.இ.என்., ஜி.என்.டி. இரண்டையும் ஒரு வயரால் இணைத்து, டைமிங் லைட்டில் 10 டிகிரி காட்டுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். கோடு போட்டோம், அதே இடத்தில் வைத்தோம் என்று இந்தச் சோதனையைத் தள்ளிவிடாதீர்கள்.

முன்பக்கம் இரண்டு கேம் சீல், ஒரு கிராங்க் சீல். மூன்றும் டைமிங் பெல்ட் மூடிக்குள் இருக்கின்றன. தனியாக இதற்காகத் திறப்பதைவிட பெல்ட் மாற்றும் நேரத்தில் சேர்த்துச் செய்வதே நியாயம். ஆயில் குடித்த பெல்ட்டை மறுபடி மாட்டுவது குற்றம். புது சீலின் உதட்டில் ஆயில் தடவி, நேராக, கோணாமல் இறக்க வேண்டும். பழைய சீலை நெம்பும்போது ஷாஃப்டில் கீறல் விழுந்தால் எந்த சீலும் அதில் நிற்காது. ஷாஃப்டில் ஏற்கெனவே தடம் பதிந்திருந்தால் உதடு அதே தடத்தில் உட்காராதபடி கொஞ்சம் தள்ளி வைக்கலாம். இன்னொரு எச்சரிக்கை: ஆரம்ப கால வண்டிகள் சிலவற்றில் கிராங்க் முனை குட்டை. அதில் புல்லி போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் சாவி ஆடி, கிராங்க்கே வீணாகும். முன் சீல் மாற்றியவர் அந்த போல்ட்டைக் கைக்கணக்கில் இறுக்கிவிட்டுப் போனால் விளைவு லீக்கைவிட மோசம்.

இன்டேக் பக்கத்தில், மேனிஃபோல்டுக்கு அடியில் ஆயில் ஃபில்டரும் ஆயில் பிரஷர் சென்டரும். கடைசியாக ஆயில் மாற்றியவர் பழைய ஃபில்டரின் வளையம் பிளாக்கில் ஒட்டியிருப்பதைக் கவனிக்காமல் புதிதைப் போட்டிருந்தால் இரட்டை வளையத்தில் ஆயில் பீய்ச்சும். சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிற விஷயம்தான்.

சம்ப் பேக்கிங்கை மாற்றக் குறுக்குச் சட்டத்தை இறக்க வேண்டும் அல்லது எஞ்சினைத் தூக்க வேண்டும். சம்ப் எப்போதும் நனைந்துதான் இருக்கும், ஏனென்றால் மேலே இருந்து வருவதெல்லாம் அதன்மேல்தான் விழுகிறது. மற்ற எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுத்தான் அதற்கு வர வேண்டும். ரியர் மெயின் சீலும் அப்படியே. அது நிஜமாகவே போயிருந்தால் கியர்பாக்ஸை இறக்குங்கள். அப்போது கிளட்ச், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸின் முன் சீல் எல்லாவற்றையும் பார்த்து, மாற்ற வேண்டியதை அதே கூலியில் மாற்றிவிடுவது வாடிக்கையாளருக்கும் லாபம்.

கடைகளில் விற்கும் லீக் நிறுத்தும் மருந்து பற்றிக் கேட்பார்கள். இறுகிய ரப்பரைக் கொஞ்சம் ஊத வைக்கும், லேசான கசிவுக்குச் சில மாதம் தாக்குப்பிடிக்கும். முறிந்த ஓ-ரிங்கை எந்த மருந்தும் ஒட்டாது.

வாடிக்கையாளரிடம் பேசுவது

கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனிக் கட்டணம் என்று ஜாப் கார்டில் தனி வரியாக எழுத வேண்டும். கழுவ, சாயம் போட, ஓட்டிப் பார்க்க, தேட: இவ்வளவு மணி நேரம். பல பட்டறைகள் இதை இலவசமாகச் செய்துவிட்டு, அந்த நஷ்டத்தை ஈடுகட்டப் பெரிய வேலையாகப் பார்த்துத் தள்ளுகின்றன. கியர்பாக்ஸ் அநியாயமாக இறங்குவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான் என்பது என் அபிப்பிராயம். முதலிலேயே கட்டணம் சொல்லுங்கள், முடிவில் படத்தைக் காட்டுங்கள். யு.வி. வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பார்த்த பிறகு பேரம் பேசுகிறவர்கள் குறைவு.

"இனிமேல் ஒரு சொட்டுகூட விழாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முப்பது வயது எஞ்சினில் ஒரு லீக்கை அடைத்தால் அதன் அடியில் மறைந்திருந்த இன்னொன்று தெரியவரலாம். "இந்த இடத்தில் இந்த லீக்கைச் சரிசெய்திருக்கிறோம். இந்த இரண்டு இடத்தில் ஈரம் இருக்கிறது, சொட்டவில்லை. அடுத்த சர்வீஸில் பார்ப்போம்" என்று எழுத்தில் கொடுங்கள். ஈரம் வேறு, சொட்டு வேறு. எல்லா ஈரத்தையும் உடனே சரிசெய்ய வேண்டும் என்று பயமுறுத்துவதும் ஒரு வகை ஏமாற்றுதான்.

பிரிட்டனில் வேலை செய்கிறவர்கள் சட்டத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2018 மே முதல் ஆண்டுச் சோதனையான எம்.ஓ.டி.யில் திரவக் கசிவும் பார்க்கப்படுகிறது. ஐந்து நிமிடத்தில் தரையில் 75 மி.மீ. விட்டத்துக்கு மேல் ஆயில் தேங்கினால் வண்டி தோற்கும். லேசான ஈரத்துக்குத் தோற்காது. வாடிக்கையாளர் பதற்றத்தோடு வரும்போது இந்த அளவைச் சொன்னால் பேச்சு நிதானமாகும்.

வேலை தேடுகிறவர்களுக்கு

மின்சார வண்டிகள் பெருகிய பிறகு இந்த வித்தைக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்கிறார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் அதை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கப் போவதில்லை, இரண்டையும் வைத்துக்கொள்வார். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-ஐப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை மாஸ்டாவே 2017-இல் ஜப்பானில் அறிவித்து, நின்றுபோன உதிரிபாகங்கள் சிலவற்றை மறுபடி தயாரித்தது. இங்கிலாந்தில் பைசெஸ்டரில் இயங்கும் ஹெரிட்டேஜ் ஸ்கில்ஸ் அகாடமி பழைய வண்டிகளுக்கென்றே தொழிற்பயிற்சி தருகிறது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு முடித்தவருக்கு அடிப்படை இருக்கிறது. குறைவது இந்த எஞ்சின்களோடு பழக்கமும் பொறுமையும்தான்.

நீங்கள் கண்டுபிடித்த லீக்குகளின் படங்களைச் சேர்த்து வைக்கத் தொடங்குங்கள்: கழுவும் முன், கழுவிய பின், சாயம் ஒளிரும் இடம், மாற்றிய பாகம், மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகு காய்ந்த பரப்பு. வாடிக்கையாளரின் வண்டி எண்ணை மறைத்துவிடுங்கள். சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கும், இப்படி ஒரு தொகுப்பு சிலரிடம்தான் இருக்கும். ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொல்லிக் கூப்பிடும் பட்டறைகள் நிறைய உண்டு. அந்த நாளுக்கு உங்கள் சொந்த யு.வி. டார்ச்சையும் மஞ்சள் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.